அடிப்போனெக்டின் குறைவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புளியரையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 46. உயரத்துக்கேற்ற எடைதான், கை கால்கள் மெலிந்தவை, வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருக்கும். என் அண்ணன் சென்ற ஆண்டு 49ஆம் வயதில் மாரடைப்பில் காலமானார். அந்த அச்சத்தில் மலைக்கு அப்பால் ஒரு தனியார் கூடத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். ‘அடிப்போனெக்டின் குறைவு, லெப்டின் மிகுதி’ என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டுத் தந்தார்கள். விளக்கம் சொல்ல ஆளில்லை. எனக்கும் அண்ணனின் கதிதானா? அடிப்போனெக்டினைக் கூட்ட மாத்திரை உண்டா?

ம., புளியரை

அன்புள்ள ம.,

உங்கள் அண்ணனின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நான் மருத்துவன் அல்லன். செங்கோட்டையில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் உயிர்வேதியியல் ஆசிரியன். ஆகவே அந்தச் சிவப்பு எழுத்தின் பொருளை மட்டும் விளக்குகிறேன். சிகிச்சையை உங்கள் மருத்துவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

கொழுப்பு என்பது வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நாங்கள் ஒரு காலத்தில் பாடம் நடத்தினோம். 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டறிந்தபோது அந்தப் பாடம் மாறியது. உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் உள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்க, கொழுப்பணுக்களே சுரக்கும் ஹார்மோன் அது. கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட அடிப்போனெக்டின் என்னும் ஹார்மோன் இதற்கு நேர்மாறானது. அதையும் கொழுப்பணுக்களே சுரந்தாலும், அவை, குறிப்பாகக் குடலைச் சூழ்ந்தவை, உப்பிப் பெருத்து, அங்கே அழற்சி அணுக்கள் வந்து குடியேறும்போது, அதன் சுரப்பு குறைகிறது. தசையும் கல்லீரலும் கொழுப்பை எரிக்கவும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கவும் உதவுவதோடு, இரத்தக்குழாயின் உட்சுவரில் வெள்ளணுக்கள் ஒட்டி அடைப்புக்கு வித்திடுவதையும் அது மட்டுப்படுத்துகிறது. எனவே அது குறைந்திருப்பது நல்ல செய்தியன்று. உங்கள் வயிற்றுக்குள் கொழுப்பு உப்பியிருக்கக்கூடும் என்பதை அது சுட்டுகிறது.

ஆனால் அது உங்கள் தலையெழுத்தைச் சொல்வதில்லை. 2004இல், அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவத் துறையினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்றில், அடிப்போனெக்டின் மிகுந்தோருக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. எல்லோரும் மகிழ்ந்தனர். 2006இல் பிரிட்டனில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது அந்தத் தொடர்பு மிக மெலிந்துபோயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, டென்மார்க்கில் இதயச் செயலிழப்பு நோயாளிகளை ஆராய்ந்தபோதோ அடிப்போனெக்டின் மிகுந்தோரே அதிகம் இறந்தனர். நலிந்த இதயம் சுரக்கும் பொருள்களே அந்த ஹார்மோனைக் கூட்டும் என்பது ஒரு காரணம். ஆக ஒரே எண் ஒருவருக்கு ஆறுதலாகவும் மற்றொருவருக்கு எச்சரிக்கையாகவும் இருக்க முடியும். இப்படிப்பட்ட எண்ணை விளக்கமின்றிச் சிவப்பில் அச்சிட்டு, தமையனை இழந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்புவது தவறு என்றே கருதுகிறேன்.

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீரிழிவுக்குத் தரப்படும் பயோகிளிட்டசோன் அடிப்போனெக்டினைக் கூட்டும். ஆனால் உடலில் நீர் கோத்து இதயச் செயலிழப்பையும் அது உண்டாக்கலாம். இந்த ஒரு எண்ணுக்காக அதை விழுங்கக் கூடாது. வயிற்றுக் கொழுப்பு குறைந்தால் அடிப்போனெக்டின் தானே கூடும். பீடி, சிகரெட் பழக்கம் அதைக் குறைக்கும்.

‘உயரத்துக்கேற்ற எடைதான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் என் கவலை. 2004இல் லண்டனின் ஜான் யுட்கின், புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் ஆகிய இரு மருத்துவ அறிஞர்களும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. நம்மவரின் மெலிந்த கைகால்களை நம்பி ஏமாறக் கூடாது. வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள், ஒரு தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் தவறும். வயிறு சரிந்தவர்கள் வேட்டியை அதற்குக் கீழே இறக்கித்தான் கட்டுவார்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை.

இங்கிருந்து கொல்லம் ரயிலில் ஏறினால் ஆரியங்காவு, புனலூர் தாண்டிக் கொட்டாரக்கரை வரும். அவ்வூரில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு, 2004இல் வெளியானது. முதல் மாரடைப்பின் அபாயத்தில் ஆண்களுக்கு 90 விழுக்காட்டை ஒன்பது காரணிகளே விளக்கிவிடுகின்றன என்று அது கண்டது. புகை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை ஆகியவற்றோடு மதுப்பழக்கமும் அப்பட்டியலில் உண்டு. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், பிறருக்கு ஏறத்தாழ 59 வயதில் நேர்வதையும் அதே ஆய்வு காட்டியது.

உடன்பிறந்த ஆண் 55 வயதுக்குள் இதயநோய்க்கு ஆளானார் என்பது, மருத்துவர் கணக்கில் அடிப்போனெக்டினைவிடக் கனமான தகவல். ஆகவே அந்தச் சீட்டோடு நில்லாமல், அண்ணன் இறந்த வயதை முதலில் சொல்லி, இரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு, முடிந்தால் அக்கொழுப்பைச் சுமக்கும் துகள்களின் அளவைக் காட்டும் அப்போ-பி ஆகியவற்றைப் பார்த்துத் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். அண்ணனுக்கு வயது வந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தந்தையை இளவயதில் இழந்த அவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.