முட்டி வலியும் மூலிகைச் சாராயமும்

சீன உடற்கலை, வைத்தியம் பற்றி வாசகர்கள் கேட்டவை:

கேள்வி: சீனாவில் குங்ஃபூ ஆசான்களே வைத்தியமும் பார்த்தார்களாமே?

பதில்: பலர் பார்த்தார்கள். பயிற்சிக்கூடத்தில் சுளுக்கும் மூட்டு நழுவலும் சகஜம். அடிக்கக் கற்றுக்கொடுப்பவருக்கு அடிபட்டதைச் சரிசெய்யவும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. நம் வர்ம ஆசான்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. குவாங்டாங் மாகாணத்து வோங் ஃபேய் ஹுங், ஹுங் கர் என்ற குங்ஃபூ பாணியின் ஆசான். 'போ சி லாம்' என்ற வைத்தியசாலையையும் நடத்தினார். சினிமா அவரது சண்டையைத்தான் பெரிதாக்கியது.

கேள்வி: வயது 58. வீடியோ பார்த்து 24 அசைவு தாய் சி (மெதுவாக அசையும் சீன உடற்கலை) செய்கிறேன். முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: சில நாள் ஓய்வு கொடுங்கள், அடியோடு விட வேண்டாம். 1956-இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தாய் சியின் யாங் பாணியைச் சுருக்கித் தொகுத்த தொடர் அது, எல்லா வயதினருக்குமானது. தப்பு பெரும்பாலும் திரும்பும் இடத்தில்தான் நடக்கும். முன்காலில் முழு எடையும் இருக்கும்போதே உடலைத் திருப்பினால் பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், தொடை மட்டும் சுழலும். முட்டி முக்கியமாக மடங்கி நீளுவதற்கான மூட்டு. அந்த முறுக்கை ஜவ்வு வாங்கிக்கொள்கிறது. ரப்பர் அடி ஷூ போட்டுச் சொரசொரப்பான மொட்டைமாடியில் செய்தால் பாதம் இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும்.

இப்படி மாற்றுங்கள். அடுத்த அடி வைக்குமுன் எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோங்கள். முன்பாத விரல்களைத் தூக்கி, குதிகாலை ஊன்றியபடி இடுப்போடு சேர்த்துச் சுமார் 45 டிகிரி வெளியே திருப்புங்கள். பாதம் முழுக்கப் பதிந்த பிறகே எடையை முன்னே விடுங்கள். முட்டி எப்போதும் பாதம் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். குனிந்து பார்த்தால் கட்டைவிரல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முட்டி உள்ளே சாய்கிறது அல்லது விரலைத் தாண்டிவிட்டது. இரு பாதங்களையும் ஒரே கோட்டில் வைக்காதீர்கள். கயிற்றில் நடப்பதுபோல் நின்றால் இடுப்பு தடுமாறும், முட்டிதான் அதைச் சமாளிக்கும். வீடியோவில் இருப்பவர் தாழ்ந்து நிற்கிறார் என்பதற்காக நீங்களும் தாழ வேண்டாம். நிமிர்ந்த நிலையிலேயே செய்யலாம்.

துணைக்கு 'சூ சான் லி' என்ற சீன வைத்திய அழுத்தப் புள்ளியை அழுத்தலாம். முட்டிச் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து உங்கள் நான்கு விரல் அகலம் இறங்கி, முன்னெலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி இருக்கிறது. கட்டைவிரலால் ஒரு நிமிடம், மிதமாக. ஆனால் திரும்பும் முறை மாறாவிட்டால் எந்தப் புள்ளியும் உதவாது. முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டதுபோல் நின்றாலோ எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து 'தித் தா ஜாவ்' என்ற தைலம் வந்திருக்கிறது. குடிக்கவும் செய்யலாம் என்கிறார்கள்.

பதில்: குடிக்கவே கூடாது. அரிசிச் சாராயத்தில் வெள்ளைப்போளம், குங்கிலிய வகைப் பிசின், குசும்பப்பூ போன்றவற்றை மாதக்கணக்கில் ஊறவைப்பது இது. சில செய்முறைகளில் நாவி எனும் நச்சுக்கிழங்கு சேரும். அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. தோல் கிழிந்த இடத்திலும் தடவாதீர்கள், அதன் வழியே நஞ்சு ரத்தத்தில் கலக்கும். கன்றிப்போன இடத்துக்கு மட்டும், அதுவும் புது வீக்கம் அடங்கிய பிறகு, சில சொட்டு தேய்க்கலாம். முதல் நாளே அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் தொடவே வேண்டாம்.

கேள்வி: மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி நிற்கும் பயிற்சியில் தலை சுற்றுகிறது.

பதில்: முட்டியை விறைப்பாக நீட்டி நிற்கிறீர்கள். கால் தசை இயங்காதபோது ரத்தம் கீழே தேங்கி, தலைக்குப் போவது குறையும். முட்டியைச் சற்றே தளர்த்துங்கள், மூச்சை அடக்காதீர்கள், வெறும் வயிற்றில் நிற்காதீர்கள். மூன்று நிமிடத்தில் தொடங்கினால் போதும். அப்படியும் சுற்றினால் ரத்த அழுத்தத்தைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்). தாய் சி குணப்படுத்துமா?

பதில்: குணப்படுத்தாது. தடுமாற்றத்தைக் குறைக்கும். 2012-இல் அமெரிக்காவில் வெளியான, 195 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் வாரம் இருமுறை, ஒரு மணி நேரம், 24 வாரம் பழகியவர்களுக்கு உடல் சமநிலை மேம்பட்டது. வெறும் தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் விழுந்ததும் குறைவு. மாத்திரைகளை நிறுத்தாமல், மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் தொடங்குங்கள். பின்னால் சுவர், பக்கத்தில் கனமான நாற்காலி, கூடவே ஒருவர் கட்டாயம்.