வாசகர் கேள்வி: நடுவில் நிற்கும் ப்ராக்ஸி

கேள்வி: 2021-இல் மொரிஷியசில் சமூக ஊடகப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு யோசனை வந்ததே, அது நடக்கக்கூடியதா? கட்டற்ற மென்பொருள் இருந்தால் தப்பலாமா?
– வாசகர், ரோஸ் ஹில்

பதில்: அந்த ஏப்ரலில் தகவல், தொடர்புத் தொழில்நுட்ப ஆணையம் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையைக் கேட்கிறீர்கள். தரவை நடுவே ஒரு ப்ராக்ஸியில் (உங்களுக்கும் தளத்துக்கும் இடையே நிற்கும் கணினி) நிறுத்தி, மறையாக்கத்தை, அதாவது பிறர் படிக்காதபடி போட்ட பூட்டை, பிரிப்பதுதான் யோசனை. அபத்தமான யோசனை, ஆனால் நடக்கக்கூடியது. ஒரே தடை: உங்கள் போன் அந்த ப்ராக்ஸியின் சான்றிதழை (தளம் உண்மையானது என்று காட்டும் டிஜிட்டல் அடையாளம்) நம்ப வேண்டும். நம்பாவிட்டால் பிரவுசர் எச்சரித்து நின்றுவிடும். அதனால்தான் கஜகஸ்தான் 2019-இல் மக்களையே சான்றிதழை நிறுவச் சொன்னது. ஆகஸ்டில் பயர்பாக்ஸும் குரோமும் அதை நிராகரித்தன.

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் பாருங்கள்: செட்டிங்ஸ், செக்யூரிட்டி, 'டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்', அதில் 'யூசர்' பகுதி. போனோடு வராமல் பின்னால் சேர்த்த சான்றிதழ்கள் அங்கேதான் இருக்கும். (போனுக்குப் போன் பெயர் சற்று மாறும்.) அது காலியாக இருக்க வேண்டும். அலுவலக போனில் ஒன்றிரண்டு இருப்பது சகஜம். சொந்த போனில் இருந்தால் நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் பெரும்பாலான செயலிகள் இந்தப் பட்டியலை ஏற்பதில்லை, குரோம் ஏற்கும்.

கட்டற்ற மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம் என்பதால் அதில் பின்கதவை (ரகசிய நுழைவழி) ஒளிப்பது கடினம், அவ்வளவே. தளத்தையே மூடினால் அது உதவாது. 2024 நவம்பர் 1 அன்று, தேர்தலுக்கு முன், இங்கே சமூக ஊடகங்களை மூட உத்தரவு வந்தது, மறுநாளே விலக்கினார்கள். அப்படி மூடியதைத் தாண்ட விபிஎன் (இணைப்பை வேறோர் இடத்துக் கணினி வழியாகக் கொண்டுசெல்லும் செயலி) வேண்டும். முன்பே இறக்கி வையுங்கள். மூடுகிறவர்கள் விபிஎன் தளங்களையும் சேர்த்து மூடுவதுண்டு.