புரையேறவே இல்லையே, அப்புறம் ஏன் இந்தப் பரிசோதனை?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நாக்குப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அது முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஸ்கேனில் நோய் இல்லை என்றுவிட்டார்கள். ஆனால் ஒரு வேளை சாப்பிட ஒரு மணி நேரம் ஆகிறது, எடை குறைகிறது, இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. புரையேறுவதோ இருமலோ கிடையாது. இப்போது பேரியம் குடிக்க வைத்து வீடியோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கிறார்கள். மறுபடியும் கதிர்வீச்சா? அவசியம்தானா?

பதில்: அவசியம். புரையேறவில்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதே அந்த வரிதான்.

ஒரு சொட்டுத் தண்ணீர் தவறிப்போய் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கினாலே நமக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வரும். அங்குள்ள உணர்வு நரம்புகள் காவல் காப்பதால் வரும் இருமல் அது. கதிர்வீச்சு பட்ட தொண்டையில் அந்த உணர்வு மழுங்கிப்போகலாம். அப்போது உணவோ எச்சிலோ உள்ளே கசிந்தாலும் இருமல் வராது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. இரண்டு முறை நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்திருக்கிறது என்றால் இந்தச் சத்தமில்லாத கசிவைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

ஏற்கெனவே எடுத்த ஸ்கேன், நோய் மிச்சம் இருக்கிறதா என்று தேடியது. விழுங்குவது ஓர் அசைவு; அசையாத படத்தில் அது தெரியாது. நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ள, குரல்வளை மேலெழும்பி மூட, உணவுக்குழாயின் வாய் திறக்க, எல்லாம் ஏறக்குறைய ஒரு விநாடியில் முடிந்துவிடும். வெட்டித் தைத்த நாக்கால் அழுத்தித் தள்ள முடியாது. கதிர்வீச்சால் விறைத்த தசைகளால் குரல்வளையைச் சரியாகத் தூக்க முடியாது. விழுங்கிய பிறகும் தொண்டையில் தங்கும் மிச்சம் அடுத்த மூச்சோடு உள்ளே இறங்கலாம். கசிவு விழுங்குவதற்கு முன்பா, விழுங்கும்போதா, பிறகா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும்.

வீடியோ எக்ஸ்ரேயில் அவரை உட்கார வைத்து, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் கலந்த நீர், கெட்டியான திரவம், மென்மையான உணவு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் படம் பிடிப்பார்கள். விநாடிக்கு 30 படம் கிடைத்தால் நல்லது. இந்தப் பரிசோதனையை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம், கசிவைக் கண்டதும் அதோடு நிறுத்திவிட மாட்டார்கள். மோவாயைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வார்கள், தலையைத் திருப்பச் சொல்வார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கி உடனே இருமச் சொல்வார்கள். எது பலிக்கிறது என்று அங்கேயே திரையில் தெரியும். ஒருவரைக் காப்பாற்றும் நிலை இன்னொருவருக்குக் கெடுதல் செய்யலாம். அதனால் எங்கோ பார்த்த பயிற்சியை அப்பாவிடம் முயன்று பார்க்காதீர்கள்.

கதிர்வீச்சு பற்றிய பயம் புரிகிறது. சிகிச்சையில் கொடுத்த அளவோடு இதை ஒப்பிடவே முடியாது. உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் மில்லிசீவெர்ட் என்ற அலகில், பெரும்பாலும் 1-க்கும் குறைவாகத்தான் இருக்கும். இயற்கையிலிருந்தே மனிதர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2.4 மில்லிசீவெர்ட் சேர்கிறது. பேரியம் ரத்தத்தில் கலக்காது. மலம் ஓரிரு நாள் வெள்ளையாகப் போகும், மலச்சிக்கலும் வரலாம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள்; அப்பாவுக்கு அது எந்தப் பதத்தில் பாதுகாப்பானது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. அதில் கதிர்வீச்சே இல்லை. தொண்டையில் தேங்கும் எச்சிலும் மிச்ச உணவும் நன்றாகத் தெரியும். ஆனால் சரியாக விழுங்கும் கணத்தில் தொண்டை சுருங்கிப் பார்வை மறைந்துவிடும், நாக்கின் வேலையும் தெரியாது. நாக்கில் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால், அப்பாவுக்கு முதலில் வீடியோ எக்ஸ்ரேயைத்தான் நானும் சொல்வேன்.

கசிவு தெரிந்தால் உடனே குழாய் வழி உணவுதான் என்று பயப்பட வேண்டாம். உணவின் பதத்தை மாற்றுவது, விழுங்கும் பயிற்சி என்று நிறைய வழி இருக்கிறது. பயந்துபோய் நீங்களாகவே வாய் வழி உணவை நிறுத்திவிடாதீர்கள்; வேலை இல்லாத தசை இன்னும் விறைத்துப்போகும். பரிசோதனை நாள் வரை நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு சிறு வாயாகச் சாப்பிடட்டும். சாப்பிட்டதும் வாயைச் சுத்தமாகக் கழுவட்டும். கசிவோடு வாய்க் கிருமிகளும் சேர்ந்து இறங்கினால்தான் நிமோனியாவுக்கு வழி பிறக்கும். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.