அம்மாவின் காம்பராவில் கெமரா பூட்டலாமா?

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 68 வயது. தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அப்பா காலமாகிவிட்டார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியே இருக்கிறார். நீரிழிவும் பிரஷரும் உண்டு. போன வருடம் பாரிசவாதம் வந்து இடது கை பலமிழந்துவிட்டது. நான் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறேன். கட்டாரில் இருக்கும் அண்ணன், வீட்டுக்குள் கெமரா பூட்டி, அம்மாவின் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிடலாம் என்கிறார். கெமரா என்றாலே அம்மா அழுகிறார். "அப்படியானால் முதியோர் இல்லத்தில் விடுவோம்" என்று அண்ணன் கோபப்படுகிறார். நான் என்ன செய்வது?
– ஒரு மகள், கொழும்பு

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் அழுகையில் நியாயம் இருக்கிறது. லயக் காம்பரா என்பது பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். படுப்பது, உடுத்துவது, சாமி கும்பிடுவது எல்லாம் அதற்குள்தான். எந்த மூலையில் பூட்டினாலும் அவர் சேலை மாற்றுவதைக் கெமரா பார்க்கும். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பூட்டினால் பக்கத்து வீட்டாரின் போக்குவரத்தெல்லாம் பதிவாகும். அவர்களுடைய மனம் கசந்தால் அம்மாவுக்குத்தான் நட்டம். கெமரா வேண்டாம்.

அண்ணனின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தாயை விட்டுத் தூரத்தில் இருப்பவரின் தவிப்பு அது. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: காலை பத்து மணிக்கு அம்மா வழுக்கி விழுவது அவருடைய கைத்தொலைபேசியில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தூக்கிவிட யார் வருவார்? அந்த நேரத்தில் லயமே வெறிச்சோடிக் கிடக்கும். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் மலையில் இருப்பார்கள். எந்தக் கருவியை வாங்குவதற்கும் முன்னால் இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள்.

பகலில் லயத்திலேயே இருக்கும் ஒருவர், மாலையில் வருகிற ஒருவர் என இருவரை அம்மாவே தெரிவு செய்யட்டும். வேலை விட்டு நின்ற அக்காமார் எந்த லயத்திலும் இருப்பார்கள். ஒரு சாவியை அவர்களிடம் கொடுத்து வையுங்கள். மாதாமாதம் ஒரு தொகையும் கொடுங்கள். அக்கம்பக்கத்தாரின் அன்பை இலவச வேலையாக்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

ஆட்கள் அமைந்த பிறகு கருவிகளுக்கு வருவோம். மேல்கையில் சுற்றும் பிரஷர் மானி ஒன்று வாங்குங்கள். பாரிசவாதம் தாக்காத வலது கையில் அளப்பது நல்லது. அதைப் பலமிழந்த இடது கையால் அம்மா தானாகச் சுற்றிக்கொள்ள முடியாது. மாலையில் வருகிறவர் சுற்றிவிடட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். இரத்தத்தில் சீனி அளக்கும் குளுக்கோமீட்டரை விட அதன் பட்டிகளுக்குத்தான் தொடர்ந்து பணம் போகும். பட்டிகளை மூடிய டப்பாவிலேயே வையுங்கள். மலைநாட்டு ஈரக்காற்று அவற்றைக் கெடுத்துவிடும். காலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும், கொழுந்து பறித்த கையின் தோலும் தடித்திருக்கும். ஆகவே வெந்நீரில் கை கழுவித் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். சீனி அளவு 70க்குக் (mg/dL) கீழே போனால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். இதை அந்த இருவருக்கும் நீங்களே நேரில் சொல்லிக்கொடுங்கள்.

ஸ்மார்ட் வாட்சை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். விழுந்ததை அறியும் வாட்சுக்குத் தினமும் மின்னேற்ற வேண்டும், பெரும்பாலும் பக்கத்தில் ஒரு போனும் சிக்னலும் வேண்டும். மலை மடிப்புக்குள் இருக்கும் லயத்தில் சிக்னலை நம்ப முடியாது. ஊசி குத்தாமலே சீனி அளக்கும் என்று விற்கப்படும் வாட்சுகளை அறவே தவிர்த்துவிடுங்கள். அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி மருந்தைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

வீடியோ அழைப்புதான் உங்களுக்கு மிகவும் கைகொடுக்கும். அதில் எப்போது முகம் காட்டுவது, எப்போது வைப்பது என்பது அம்மாவின் விருப்பம். பேச்சினிடையே அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். இடது கை எவ்வளவு உயரும் என்பது நாளடைவில் உங்கள் கண்ணுக்குப் பழகிவிடும். என்றாவது வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை வழக்கத்தை விடத் தொய்ந்தாலோ, பாரிசவாதம் மறுபடி தாக்குகிறது என்று எண்ணுங்கள்; தாமதிக்கவே கூடாது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம், தமிழிலும் பேசலாம். லய வீடுகள் பலவற்றுக்குச் சரியான முகவரி கிடையாது. எனவே தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம், பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்புவது என்ற நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பாதை மோசமென்றால் அம்புலன்ஸ் நிற்கும் இடம் வரை யாருடைய ஆட்டோவில் கொண்டுபோவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

கிளினிக் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து நீங்களும் அண்ணனும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகள் மாறும் ஒவ்வொரு முறையும் புதுப்படம் எடுக்க வேண்டும். நள்ளிரவில் வேறொரு வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

முதியோர் இல்லம் பற்றி அம்மா இல்லாத இடத்தில் நீங்கள் இருவரும் முடிவெடுக்காதீர்கள். அதை ஒரு மிரட்டலாகச் சொல்வதை அண்ணன் இன்றே நிறுத்த வேண்டும். பிரதேச செயலகத்தில் முதியோர் நலனைக் கவனிக்கும் உத்தியோகத்தர் இருப்பார். அம்மாவுக்கு முதியோர் அடையாள அட்டை இன்னும் இல்லையென்றால் அவரிடம் விண்ணப்பிக்கலாம். உதவிகள் பற்றியும் விசாரிக்கலாம்.

அண்ணன் கெமராவுக்கும் வாட்சுக்கும் ஒதுக்கிய பணத்தை அந்த இருவரின் மாதத் தொகைக்கும் பட்டிகளுக்கும் அனுப்பட்டும். நீங்கள் அடுத்த கிளினிக் நாளில் லீவு எடுத்து அம்மாவுடன் போங்கள். இடது கைக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை கிடைக்குமா, பிரஷரும் சீனியும் எந்த அளவைத் தாண்டினால் உடனே வர வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டு, அந்த எண்களைக் கொப்பியின் முன்னட்டையில் எழுதி வாங்குங்கள்.