ஓர் அரிய பறவையைக் காப்பாற்றப் பூனையையும் முள்ளெலியையும் கொல்வது நியாயமா? இயற்கையே பார்த்துக்கொள்ளாதா?

நியாயம் என்றுதான் நினைக்கிறேன். பூனைகள் மேல் எனக்கும் பிரியம் உண்டு, ஆனாலும் நியூசிலாந்தின் கக்கீ பறவையைப் பற்றிப் படிக்கப் படிக்க இந்த முடிவு உறுதியாகிவிட்டது. நம் ஏரிகளில் நிற்கும் பவளக்கால் உள்ளானுக்கு நெருங்கிய சொந்தம் அது. உடல் முழுக்கக் கறுப்பு. 1981-இல் உலகத்திலேயே 23 பறவைகள்தான் மிஞ்சியிருந்தன.

வௌவாலைத் தவிரத் தரையில் வாழும் பாலூட்டியே இல்லாமல் இருந்த நாடு அது. பருந்தும் கடற்காகமும் பகலில், கண்ணால் தேடும். ஆற்றுத்திட்டில் தரையில் கூடு கட்டும் கக்கீ, அவற்றை ஏமாற்றக் கூழாங்கல் நிறத்தில் முட்டையிட்டால் போதும். இரவில் மோப்பம் பிடித்து வரும் பிராணியிடம் அந்த நிறத்தால் என்ன பயன்? ஆற்றுத்திட்டுக் கூடுகளில் கேமரா வைத்துப் பார்த்தபோது சிக்கியவை பூனை, ஃபெரட் (கீரி போல நீண்ட உடலுள்ள வேட்டைப் பிராணி), முள்ளெலி. எல்லாமே ஐரோப்பியர் கொண்டுவந்தவை.

இதில் முயலின் கதைதான் முக்கியம். வேட்டைக்கும் உணவுக்கும் கொண்டுவந்த முயல் புல்வெளியை மொட்டையடித்தது. அதை அடக்க 1880-களில் ஃபெரட்டையும் அதன் சொந்தமான ஸ்டோட்டையும் இறக்கினார்கள். முயல் குறையவில்லை, அதைத் தின்று இவை பெருகின. 1997-இல் சிலர் சட்டத்தை மீறி முயலைக் கொல்லும் வைரஸைப் பரப்பினார்கள். முயல் திடீரெனச் சரிந்த இடங்களில் பசித்த வேட்டைப் பிராணிகள் பறவைக் கூடுகள் பக்கம் திரும்பின. ஆகவே முயலை விட்டுவிட்டு வேட்டைப் பிராணியை மட்டும் கொன்றாலும் போதாது, முயலை ஒரேயடியாக அழித்தாலும் ஆபத்து. இரண்டையும் சேர்த்து, விடாமல் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கக்கீ வாழும் டாஸ்மன் பள்ளத்தாக்கில் அப்படித்தான் வரிசை வரிசையாக மரப்பெட்டிப் பொறிகள் வைக்கிறார்கள். கூடவே ட்வைசல் ஊரில் முட்டைகளைப் பொரிக்கவைத்து, வளர்ந்த குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள். இப்போது முழு வளர்ச்சியடைந்த பறவைகள் மட்டுமே நூறைத் தாண்டிவிட்டன. பொறி இல்லாமல் குஞ்சுகளை மட்டும் விட்டிருந்தால் அவை ஃபெரட்டுக்குத் தீனியாகத்தான் போயிருக்கும்.

உயிரோடு பிடித்து வேறிடத்தில் விடலாமே என்று கேட்பீர்கள். அந்த நாட்டில் எங்கே விட்டாலும் அங்கேயும் தரையில் கூடு கட்டும் பறவை ஏதாவது இருக்கும்.