வளரும் ஆபரா டெனருக்கு ஏன் உடனே பெரிய வேடம் தருவதில்லை?

ஆபரா என்பது பாட்டாகவே நடக்கும் மேலைநாட்டு நாடகம். அதில் ஆண்களின் மேல்ஸ்தாயிக் குரல்தான் டெனர். குன்னூர், கோத்தகிரி சர்ச் கொயர்களில் பாடியவர்களுக்குப் பழகிய பெயர்.

இளம் டெனர் பெரும்பாலும் மோட்சார்ட், டோனிசெட்டி போன்ற இசையமைப்பாளர்களின் இலகுவான வேடங்களில் தொடங்குவார். வெர்டியின் 'ஒதெல்லோ' (1887) மாதிரி கனமானவை பல வருடம் கழித்துத்தான். மைக் கிடையாது, குரல் முதிராமல் பெரிய வாத்தியக்குழுவோடு மல்லுக்கட்டினால் தொண்டை கெடும். நம்ம தேயிலைக் கன்றை நட்டவுடன் கொழுந்து கிள்ளுவோமா? கவாத்து செய்து, சில வருடம் பக்கவாட்டில் பரவ விடுவோம். அவசரத்தில் நல்ல குரல்கள் வீணாவது பெரிய இழப்பு.

அப்புறம், பலர் நினைப்பதுபோல் ஆபரா பாடகர்கள் கத்துவதில்லை: பயிற்சியால் குரலின் வலு 3,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3,000 அதிர்வு) பக்கம் குவிகிறது, அங்கே வாத்திய ஒலி குறைவு, அதனால்தான் கடைசி வரிசைவரை கேட்கிறது.