5 வாட்டோடு குன்றின் மேல்: முதலில் கம்பியைக் கவனியுங்கள்

கேள்வி: அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி ஓராண்டு ஆகிறது. 5 வாட் கருவியில் நேரடியாகச் செருகும் நீட்டுக்குச்சி ஆன்டெனாவோடு ஒரு குன்றின் உச்சிக்குப் போனேன். 14 மெகாஹெர்ட்ஸில் வெகுநேரம் குரலில் சிக்யூ (யாராவது பேச வருகிறீர்களா என்ற பொது அழைப்பு) அழைத்தும் ஒரே ஒருவர்தான் பதில் சொன்னார். பூங்காவிலும் இதே கதை. ஆனால் மற்றவர்கள் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. 100 வாட் கருவியும் அதற்கேற்ற பேட்டரியும் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியின் ஒரு வரியிலேயே விடை இருக்கிறது: மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது என்கிறீர்கள்.

சிற்றலையில் நமக்குக் கேட்கும் இரைச்சலில் பெரும்பகுதி வெளியிலிருந்து, வளிமண்டலத்தின் வழியாக வருவது. கருவிக்குள் பிறக்கும் இரைச்சல் அதைவிட மிகக் குறைவு. ஆன்டெனா மோசமாக இருந்தால் வரும் பேச்சும் இரைச்சலும் ஒரே அளவில் குறையும். ஆகவே கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது, ஒலியைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும். அனுப்பும்போது நிலைமை வேறு. ஆன்டெனாவில் இழந்தது இழந்ததுதான், எதிர்முனையில் இருப்பவரின் இரைச்சல் உங்களுக்காகக் குறையாது. நன்றாகக் கேட்டும் யாரையும் எட்ட முடியவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆன்டெனாவைத்தான்.

14 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 5 மீட்டர். உங்கள் குச்சி அதில் சிறு பகுதிதான். மீதியை ஒரு சுருள் ஈடுகட்டுகிறது, ஈடுகட்டும்போதே சூடாகி ஆற்றலைத் தின்கிறது. அதைவிடப் பெரிய குறை, ஆன்டெனாவின் மறுபாதி அங்கே இல்லவே இல்லை. கருவியின் உடலும் மைக்கின் கேபிளும் உங்கள் கையும்தான் அந்த வேலையை அரைகுறையாகச் செய்கின்றன. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் 10 டெசிபல் எளிதாகப் போய்விடும். அதாவது 5 வாட்டில் அரை வாட்தான் வெளியே போகிறது. இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள்: கருவியின் எர்த் முனையில் 5 மீட்டர் கம்பியை மாட்டித் தரையில் விரித்துவிடுங்கள். அதிலேயே ஓரளவு முன்னேற்றம் தெரியும்.

5 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 13 டெசிபல். வரும் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு கோடு 6 டெசிபல் என்பதால், இது இரண்டு கோடுகளைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இதற்காக 20 ஆம்பியர் இழுக்கும் கருவியையும் அதைத் தாங்கும் பேட்டரியையும் மலை மேல் சுமக்க வேண்டும். நல்ல கம்பி ஆன்டெனா இதில் பெரும்பகுதியை மீட்டுத் தந்துவிடும். எடை சில நூறு கிராம்.

எனக்குப் பிடித்தது ஒருமுனை அரை அலைக் கம்பி. 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் கம்பி, ஒரு முனையில் 49:1 மின்மாற்றி. கம்பியின் முனையில் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு உள்ள தடை) சில ஆயிரம் ஓம் இருக்கும், மின்மாற்றி அதைக் கருவிக்கு வேண்டிய 50 ஓமுக்குக் கொண்டுவருகிறது. 20 மீட்டர் நீளம் வைத்தால் 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் நான்கிலும் ஒரே கம்பி வேலை செய்யும். மின்மாற்றியைக் கருவியோடு இணைக்கும் கேபிளின் வெளியுறையே எதிர்க்கம்பியாகவும், அதாவது ஆன்டெனாவின் மறுபாதியாகவும், வேலை செய்யும் என்பதால் ஓரிரு மீட்டர் கேபிளாவது இருக்கட்டும். நடுவை 6, 7 மீட்டர் கழியில் உயர்த்தி இரு முனைகளையும் தாழ்த்திக் கட்டினால் போதும். கழி ஃபைபர்கிளாஸில் இருக்கட்டும். கார்பன் கழி மின்சாரம் கடத்தும், கம்பியின் நீளக் கணக்கையே குலைத்துவிடும். கம்பியின் முனைகளில் மின்னழுத்தம் மிக அதிகம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். முதன்முறை கட்டும்போது நீளத்தைச் சற்று அதிகமாக விட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கருவியோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் அளவு) 2-க்குக் கீழே வரும்வரை முனையை மடித்துப் பாருங்கள். வெட்டுவது அப்புறம்.

அடுத்த விஷயம், நீங்கள் அங்கே இருப்பது யாருக்குத் தெரியும்? இதைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2002 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய சோட்டா என்ற மலையுச்சித் திட்டத்திலும், அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை அமைப்பின் நூற்றாண்டான 2016-இல் நடந்த ஓராண்டு நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்த போட்டா என்ற பூங்காத் திட்டத்திலும், உங்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே வீட்டில் பெரிய ஆன்டெனாவோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது அந்தத் திட்டங்களின் அறிவிப்புப் பட்டியலை. உங்கள் அழைப்புக் குறியும் அதிர்வெண்ணும் அதில் வந்த சில நிமிடங்களில் வரிசை கட்டிக் கூப்பிடுவார்கள். உச்சியில் மொபைல் சிக்னல் இருந்தால் நீங்களே பதியலாம். இல்லாவிட்டால் முதல் நாளே நேரத்தைக் குறித்து முன்னறிவிப்பு போடுங்கள், ஒரு நண்பரிடமும் சொல்லி வையுங்கள். மோர்ஸ் தெரிந்தால் இன்னும் வசதி. ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்ற தானியங்கி வாங்கிகள் உங்கள் சிக்யூவைக் கேட்டுப் பதிவு செய்யும், முன்னறிவிப்பு இருந்தால் சோட்டா பட்டியலில் தானாகவே ஏறிவிடும். அதே வாட்டில் மோர்ஸ் குரலைவிட வெகுதூரம் எட்டும் என்பதும் சேர்ந்த லாபம்.

சிக்யூ அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இல்லை. பட்டியலைப் பார்த்து வேறு பூங்காவில், வேறு உச்சியில் இருப்பவர்களை நீங்கள் கூப்பிடுங்கள். பலவீனமான குரலுக்கு இதுதான் எளிய வழி. தன்னைப் போலவே வெளியில் இருப்பவர் என்று தெரிந்தால் பெரும்பாலோர் மற்றவர்களை நிறுத்திவைத்து உங்களைக் கேட்பார்கள். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு அது. சிக்யூதான் அழைப்பேன் என்றால் முதலில் அந்த அதிர்வெண் காலியா என்று கேட்டுவிட்டு, பலத்த நிலையங்களிலிருந்து தள்ளி இடம் பிடியுங்கள். 14.285 குறைந்த வாட்காரர்கள் குரலில் கூடும் இடம், மோர்ஸுக்கு 14.060.

14 மெகாஹெர்ட்ஸில் மட்டும் நின்றது உங்களுக்கு இன்னொரு இழப்பு. அந்த அலை அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும்போது பக்கத்துச் சில நூறு கிலோமீட்டரைத் தாண்டிக் குதித்துவிடும். அருகிலிருக்கும் நண்பர்களுக்கு நீங்கள் கேட்காததில் வியப்பில்லை. பகலில் அவர்களை எட்ட 7 மெகாஹெர்ட்ஸில், கம்பியைத் தாழ்வாகக் கட்டிப் பாருங்கள்.

உச்சியின் உயரம் முழுப்பலன் தருவது 144 மெகாஹெர்ட்ஸில்தான். உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். சுற்றுப்புறத்தைவிட 900 மீட்டர் உயர்ந்த உச்சிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். எதிரே இருப்பவரும் குன்றில் நின்றால் அவருடைய தூரத்தையும் கூட்டிக்கொள்ளலாம். ஒரு கைக்கருவியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசினால் மட்டும் சோட்டா கணக்கில் சேராது.

சோட்டாவில் புள்ளி பெற 4 தொடர்பு போதும். ஆனால் உச்சியிலிருந்து 25 மீட்டர் உயர வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும், காரிலிருந்து பேசக்கூடாது, எரிபொருள் ஜெனரேட்டரும் கூடாது. போட்டாவில் ஒரே யுடிசி (உலகப் பொது நேர) நாளுக்குள் 10. சிலர் வாழும் பகுதியில் யுடிசி நள்ளிரவு பகல் வேளையில் வரும், 8 தொடர்பு முடிந்த நிலையில் நாள் மாறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் இருந்து உங்கள் வாங்கி திணறினால், அந்த 25 மீட்டருக்குள்ளேயே மறுசரிவுக்கு நகர்ந்து பாருங்கள். பாறை மறைத்தால் கைக்கருவிகூடத் தெளிந்துவிடும்.

பூங்காவில் கழி நட முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், இழுவைக் கயிறுகளில் பளிச்சென்ற துணி கட்டுங்கள், மின்கம்பிகள் அருகில் எதையும் உயர்த்தாதீர்கள். உச்சியில் இடி தொலைவில் கேட்டாலே கேபிளைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுங்கள். தொடர்பு எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

இத்தனையும் சில தடவை செய்த பிறகும் வாட் போதவில்லை என்று பட்டால், அப்போதும் 100-க்குத் தாவ வேண்டாம், 20 வாட் கருவியைப் பாருங்கள். எஸ் மீட்டரில் ஒரு முழுக் கோடு ஏறும், அதற்குச் சிறிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியே போதும்.